ஆறாங்கட்டையிலிருந்து ஒரு சைக்கிள் பஸ்

பஸ் போன பிறகும் கேப்ரியலின் வலது கால் ஓட்டிக்கொண்டுதான் இருந்தது. தூக்கத்தில் அது தானாகக் கீழே அழுத்தும். கனவில் மேடு வந்தால் இடது கால் கிளச்சைத் தேடும். விழித்துப் பார்த்தால் பாயின் ஓரத்தில் இரண்டு காலும் காற்றை மிதித்துக்கொண்டிருக்கும். சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில், தம்போய்க்கும் ஜொகூர் பாருவுக்கும் நடுவே பதினேழு வருசம் போய் வந்த கால்கள். பஸ் இல்லை என்று அவற்றுக்கு யார் போய்ச் சொல்வது?

பஸ் ஒரே நாளில் இல்லாமல் போய்விடவில்லை. ஜப்பான்காரன் வந்த வருசமே பெட்ரோல் நின்றது. பின்பக்கம் ஒரு இரும்புப் பீப்பாயைக் கட்டி, அதில் கரியை எரித்து, அந்தப் புகையில் ஓட்டச் சொன்னார்கள். ஓட்டினார். மேடு வந்தால் ஆம்பளைகள் இறங்கித் தள்ள வேண்டும். கரி நனைந்துவிட்டால் பொம்பளைகளும் இறங்க வேண்டும். அப்படியும் ஒன்றரை வருசம் ஓடியது. நாற்பத்து மூன்றாம் வருசம், மழைக்கு முன்னால், இரண்டு சிப்பாய்கள் வந்து இன்ஜினைக் கழற்றிக்கொண்டு போனார்கள். கூடு மட்டும் ஆறாங்கட்டையில், அய்யூப் பாயின் சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் கிடந்தது. கோழிகள் டிக்கெட் இல்லாமல் ஏறி உட்கார்ந்தன.

கேப்ரியலுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பெண்டாட்டி செத்து ஒன்பது வருசம். பிள்ளை இல்லை. ஜொகூர் பாரு டவுனில் ஒரு விறகுக் கிடங்கில் கட்டை அடுக்கும் வேலை கிடைத்தது. நடந்து போனார். தம்போயிலிருந்து டவுனுக்கு ஆறு கட்டை தூரம். அந்த ஊரில் மைல் கல்லைக் கட்டை என்றுதான் சொல்வார்கள், எண்ணிக்கை டவுனிலிருந்து. வீடு எங்கே என்றால் நாலாங்கட்டை, கடை எங்கே என்றால் மூணாங்கட்டை.

கடிகாரத்திலும் ஒரு கூத்து நடந்திருந்தது. தோக்கியோ மணிதான் எல்லா ஊருக்கும் மணி என்று சொல்லி, இருந்த நேரத்தை ஒன்றரை மணி முன்னால் தள்ளிவிட்டார்கள். புது மணி எட்டு என்றால் சூரியனுக்கு இன்னும் ஆறரைதான். சனங்கள் இருட்டில் எழுந்து, இருட்டில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று, இருட்டில் வேலைக்கு நடந்தார்கள். கடல் பக்கத்திலிருந்து பனி ஏறி வந்து ரோட்டில் படுத்திருக்கும். அதில் இடுப்பு வரைக்கும் மறைந்து, பேசாமல், பாதித் தூக்கத்தில் ஆள்கள் மிதந்து போவார்கள். எது கனவு, எது ரோடு என்று கேப்ரியலுக்குப் பல நாள் பிடிபடவில்லை.

அந்த மிதக்கிற கூட்டத்தில் அவருக்குத் தெரிந்த முகங்கள் இருந்தன. எல்லாம் அவருடைய பஸ்ஸில் வந்தவர்கள். ஆனால் அவர் அவர்களை நேராகப் பார்த்ததே இல்லை. தலைக்கு மேல் இருந்த கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறார். அதனால் ஒவ்வொரு முகமும் எங்கோ கொஞ்சம் தப்பாக இருந்தது.

ஒரு நாள் பக்கத்தில் நடந்து வந்த பெண்பிள்ளையைப் பார்த்துவிட்டு வெடுக்கென்று கேட்டார்.

"மூணாவது சீட்டு, ஜன்னலோரம். நீங்கதானே?"

"நான்தாண்ணே. கெர்ட்ரூட்."

"உங்க மச்சம் இடது கன்னத்துலல்ல இருந்துச்சு?"

அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "இது பொறந்ததுலேர்ந்து வலது பக்கந்தாண்ணே இருக்கு. நீங்க கண்ணாடியில பாத்திருப்பீங்க."

கேப்ரியலுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பத்து வருசமாக ஒரு மச்சத்தைத் தப்பான பக்கத்தில் வைத்திருந்திருக்கிறார்.

கெர்ட்ரூட் இரண்டாங்கட்டையில் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் சலவைப் பகுதியில் வேலை பார்த்தாள். முப்பத்தெட்டு வயது. குள்ளம். வேகமாக நடப்பாள், ஆனால் கால் இரண்டும் வீங்கியிருந்தன. புருசன் கிரகோரி, சண்டை வந்தபோது லாரியிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து, இரண்டு வருசமாகப் படுக்கையில் கிடந்தான்.

"ஏன் இப்படி ஓடுறீங்க?"

"எட்டு மணிக்கு கேட்டுல பெல் அடிப்பாங்கண்ணே. அதுக்கப்புறம் போனா பேருக்கு நேரா ஒரு கோடு. மூணு கோடு விழுந்தா பேரையே அடிச்சிருவாங்க. எனக்கு ரெண்டு விழுந்துருச்சு."

பேர் அடிபட்டால் அரிசிச் சீட்டு போகும். வேலைச் சீட்டில்லாத ஆளை லாரியில் ஏற்றி, காட்டை வெட்டி மரவள்ளி போட எங்கோ உள்ளே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். தெருவில் மூன்று பேரை அப்படி ஏற்றியதை எல்லாரும் பார்த்தார்கள். அவளை ஏற்றினால் கிரகோரிக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆள் கிடையாது.

முன்கூட்டியே கிளம்பவும் வழியில்லை. புது மணி ஆறரைக்கு முன்னால் ரோட்டில் தலை காட்டக்கூடாது என்பது சட்டம். ஆறரையிலிருந்து எட்டு வரைக்கும் ஒன்றரை மணி நேரம். நாலு மைல் நடக்க ஒன்றே கால் மணி. நடுவில் பாலத்தடியில் ஜப்பான் காவல் சாவடி. அங்கே கூட்டம் சேர்ந்து ஒவ்வொருவராகக் குனிந்து கும்பிட்டுப் போவதற்குள் மிச்சம் இருந்த கால் மணியும் கரைந்துவிடும்.

"மொதக் கோடு எப்ப விழுந்துச்சு?" என்றார் கேப்ரியல்.

அவள் நடையை இன்னும் எட்டிப் போட்டாள். "விடுங்கண்ணே. அது பழசு."

"எப்பன்னு கேட்டேன்."

"நாலாங்கட்டை மேட்டுல கரி நனைஞ்சு நின்னுச்சே பஸ்ஸு. அன்னைக்கு."

பதினேழு வருசத்தில் தன் பஸ்ஸில் ஏறினவன் வேலைக்குப் பிந்தினான் என்று யாரும் சொன்னதில்லை என்பதுதான் கேப்ரியலுக்கு இருந்த ஒரே பெருமை. சொத்து என்றாலும் அதுதான். அதில் ஒரு கோடு விழுந்திருக்கிறது. அதுவும் இந்தப் பொம்பளையின் பேருக்கு நேராக.

அன்று சாயங்காலம் நேரே அய்யூப் பாயின் கடைக்குப் போனார்.

"பாய், சைக்கிள் ஒண்ணு குடு. ஓட்டக் கத்துக்கணும்."

அய்யூப் பாய்க்கும் அவர் வயதுதான். கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். "அலமாக்! சைக்கிள்காரனை எல்லாம் கொசுன்னு சொல்லி ஆரன் அடிச்ச ஆளா கேக்குது?"

"கொசுதான். இப்ப நானும் கொசு. குடு."

எவனோ விட்டுப்போன ஒரு பழைய சைக்கிளை பாய் கொடுத்தார். அதற்கு டயர் கிடையாது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ரப்பர் குழாயைச் சக்கரத்தில் சுற்றி, முனை இரண்டையும் கம்பியால் முடிந்திருந்தார். "சுத்திப் பாத்தா ரப்பர் மரந்தான். டயரு மட்டும் இல்ல," என்று சொல்லிச் சிரித்தார்.

கத்துக்கொள்வது லேசாக இல்லை. ஒன்றும் தெரியாதவனுக்கு இரண்டு நாளில் வருவது, பஸ் ஓட்டினவருக்கு வர மறுத்தது. திடலில் வளைவு வந்தால், முப்பதடி நீளம் தன் பின்னால் வருகிறது என்று நினைத்துக்கொண்டு, அகலமாகப் போய்த் திரும்புவார். போய் வாய்க்காலில் விழுவார். நிறுத்த வேண்டுமென்றால் கை பிரேக்கை மறந்துவிட்டு வலது காலை வெறும் காற்றில் ஓங்கி அழுத்துவார்.

"சாயணும் டிரைவரே," என்று பாய் பின்னால் ஓடிக்கொண்டே கத்தினார். "நீ சாஞ்சாத்தான் அதுவும் சாயும்."

"பதினேழு வருசம் சாயாம ஓட்டுனவன் பாய். சாஞ்சா கவுந்துருச்சுன்னு அர்த்தம்."

"முப்பது பேரை உக்கார வச்சு ஓட்டுன மனுசன். தன்னை ஒருத்தனை உக்கார வச்சு ஓட்ட வரலியே, லா."

எட்டாம் நாள் வந்தது. எப்படி வந்தது என்று அவருக்கும் தெரியாது. பாய் பிடியை விட்டிருந்தார், கேப்ரியல் அதைக் கவனிக்கவில்லை. திடலைத் தாண்டி, ரோட்டில் ஏறி, ஐந்தாங்கட்டை வரைக்கும் போய்விட்டார். அப்போதுதான் அவருக்குக் காது கேட்டது. இத்தனை வருசமும் இன்ஜின் சத்தத்துக்குள் உட்கார்ந்திருந்த மனிதர். அந்த ரோட்டில் தவளை கத்தும் என்பதே அவருக்குத் தெரியாது. மூங்கில் ஒன்றோடொன்று உரசும் என்று தெரியாது. கட்டைக்குக் கட்டை மணம் மாறியது. ஓரிடத்தில் ரப்பர் பால் புளித்த மணம், ஓரிடத்தில் சேறு, ஓரிடத்தில் யாரோ சுட்ட கிழங்கு. சரிவில் மிதிக்காமலே வண்டி இறங்கியது. ரோடுதான் தன் கீழே நழுவிப் போகிறது, தான் ஒரே இடத்தில் நிற்கிறேன் என்று பட்டது. பின்னால் முப்பது சீட்டும் ஆள்களோடு சத்தமில்லாமல் வருகிறது என்றும் பட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடும்.

மறுநாளே நடக்கிற கூட்டத்தில் புகுந்து ஆள் பிடிக்க ஆரம்பித்தார். யாருடைய வீட்டுப் பரணில் சைக்கிள் இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். சிப்பாய்கள் பிடுங்குவார்கள் என்று ஒளித்து வைத்தவைதான். ஆனால் ஓட்டத் தெரிந்த பையன்கள் வடக்கே ஜப்பான்காரனுக்கு ரயில் பாதை போடப் போய்விட்டார்கள். வீட்டில் மிஞ்சினவர்களுக்கு ஓட்டத் தெரியாது.

"முப்பத்தெட்டு வயசுல நான் சைக்கிள்ல ஏறுனா சனங்க சிரிப்பாங்கண்ணே," என்றாள் கெர்ட்ரூட்.

"இருட்டுல யாரு பாப்பா? தோக்கியோ மணியால கெடைச்ச நல்லது அது ஒண்ணுதான்."

"விழுந்தா?"

"விழுவீங்க. நான் பதினோரு தடவ விழுந்தேன். பன்னண்டாவது தடவ விழ நேரம் இல்ல, போயிட்டே இருந்தேன்."

நிலக் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்த ஜெயபாலன் ஒரு ஒல்லிப்பிச்சான். காற்றுக்கே பயப்படுவான். அவனும் வந்தான். சந்தையில் கீரை விற்கிற மூன்று பெண்கள் வந்தார்கள். சாயங்காலம் திடலில் கேப்ரியல் குரல் கடுகடுவென்று கேட்கும்.

"முன்சக்கரத்தைப் பாக்காத! பஸ் ஓட்டுறவன் டயரைப் பாத்தா ஓட்டுறான்? தூரத்தைப் பாரு. கண்ணு எங்க போகுதோ வண்டி அங்க போகும். ஜெயபாலா, மரத்தைப் பாக்காதடா! அய்யோ, போய்ட்டான்."

கெர்ட்ரூட் எடுத்தது கிரகோரியின் சைக்கிள். உயரமான ஆம்பளை வண்டி, நடுவில் குறுக்குக் கம்பி. கிரகோரியின் கால்சட்டையைப் போட்டு, மேலே கைலியைச் சுற்றிக்கொண்டாள். அந்த வண்டியின் மணி விரிசல் விட்டது. 'டிரிங்' என்று சொல்லாது, 'டொக்' என்று இருமும். ஓட்ட அவளுக்குச் சீக்கிரம் வந்தது. இறங்கவும் வந்தது. ஏறத்தான் வரவில்லை. குள்ளம், வண்டி உயரம். மைல் கல்லின் மேல் காலை வைத்துத்தான் ஏறுவாள். வீட்டுக்கு எதிரிலேயே ஆறாங்கட்டை இருந்ததால் அது அவளுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. கேப்ரியல்தான் யோசித்தார். சாவடியில் எல்லாரும் இறங்கிக் கும்பிட்டாக வேண்டும். அது மூணாங்கட்டைக்கும் ரெண்டாங்கட்டைக்கும் நடுவில். இறங்கினவள் அங்கே எதன் மேல் காலை வைத்து ஏறுவாள்?

"நான் பின்னால கேரியரைப் புடிச்சுக்குறேன்," என்றார். "வண்டி அசையாது. ஏறிக்கங்க."

இப்படித்தான் அந்த பஸ் ஆரம்பித்தது. புது மணி ஆறே முக்காலுக்கு ஆறாங்கட்டை. ஒரு நிமிசம் நிற்காது. வழியில் ஒவ்வொரு கட்டையிலும் ஓர் ஆள் சேரும். முன்னால் கேப்ரியல், அவருக்குப் பின்னால் புதுசாகக் கத்துக்கொண்டவர்கள், கடைசியில் கொஞ்சம் தேறினவர்கள். தனியாகப் போகப் பயந்தவனெல்லாம் வரிசையில் வந்தான். வரிசையில் வந்தால் பயம் பங்காகப் போய்விடும் போலிருக்கிறது. ரோட்டோரத்துச் சனங்கள், "டிரைவர் பஸ் போகுது, மணி ஏழு," என்று அடுப்பைப் பற்ற வைத்தார்கள்.

பஸ்காரன் வழக்கத்தை அவர் விடவில்லை. கண்டக்டர் கயிற்றை இழுத்து அடிப்பதுபோல சைக்கிள் மணியை வைத்தே பேசினார். ஒரு மணி என்றால் நில், இறங்கு. இரண்டு மணி என்றால் போ. வாயால் கத்தினால் சிப்பாய்க்குப் பிடிக்காது, மணி அடித்தால் ஒன்றும் சொல்ல மாட்டான். முன்னால் அடித்ததை ஒவ்வொருவரும் வாங்கிப் பின்னால் அடிப்பார்கள். பனிக்குள் அது ஒரு நீளமான சங்கிலிபோல ஒலித்துக்கொண்டே வந்து முடியும். நடுவில் அந்த 'டொக்'. எந்த மணி யாருடையது என்று கேப்ரியலுக்குத் தெரியும்.

முதல் நாள் சாவடியில் ஜெயபாலனுக்கு இறங்க மறந்துவிட்டது. பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு நேரே போய் சிப்பாயின் பூட்ஸுக்கு முன்னால் வண்டியோடு குப்புற விழுந்தான். எழவும் பயந்து அப்படியே கிடந்தான். சிப்பாய் குனிந்து பார்த்தான். இவ்வளவு ஆழமாக யாரும் அவனைக் கும்பிட்டது கிடையாது போலும். தலையை ஆட்டிவிட்டுப் போகச் சொன்னான்.

"எல்லாரும் அவனை மாதிரி கும்பிட்டா முட்டி தேஞ்சிரும்," என்றார் கேப்ரியல், பாலத்தைத் தாண்டினதும்.

"சும்மா இருங்கண்ணே, பல்லு ஆடுது எனக்கு," என்றான் ஜெயபாலன். அன்று கெர்ட்ரூட் சிரித்ததில் வண்டி கோணலாகப் போனது. ஏழே முக்காலுக்கு ஆஸ்பத்திரி கேட்டில் இறங்கினாள். அப்புறம் ஏழு வாரம், ஒரு நாள்கூட அவளுக்கு எட்டு மணி ஆகவில்லை.

மழைக்காலம் உள்ளே வந்துவிட்டது. ஒரு நாள் ஆறே முக்காலுக்கு ஆறாங்கட்டையில் எல்லாரும் நின்றார்கள், அவள் இல்லை. ஒரு நிமிசம் நிற்காத பஸ். கேப்ரியல் மணியில் விரலை வைத்துக்கொண்டு அடிக்காமல் நின்றார்.

"போலாமாண்ணே?" என்றான் ஜெயபாலன்.

"கரி இன்னும் பத்தல," என்றார் கேப்ரியல். எந்தக் கரி என்று யாரும் கேட்கவில்லை.

இருபது நிமிசம் கழித்து அவள் ஓடி வந்தாள். கிரகோரிக்கு ராத்திரியெல்லாம் காய்ச்சலாம். விடிகிற நேரத்தில்தான் தூங்கினானாம். கல்லின் மேல் காலை வைத்து ஏறினாள். டிரிங், டிரிங். கிளம்பினார்கள்.

பனி அன்று கெட்டியாக இருந்தது. முன்சக்கரம்கூடத் தெரியவில்லை. குழாய் டயர்கள் ஈர ரோட்டில் சப்பிக்கொண்டே வந்தன. கேப்ரியல் வேகமாக மிதித்தார். நாலாங்கட்டை மேட்டில் இறங்காமலே ஏறினார். பின்னால் ஒருவரும் இறங்கவில்லை. அந்த மேட்டின் உச்சியில் அவருக்குப் பழைய பஸ்ஸின் நடுக்கம் முதுகில் வந்தது. மூணாவது சீட்டு, ஜன்னலோரம். கண்ணாடியில் இடது பக்கம் மச்சம். இன்றைக்கு நிற்க மாட்டேன் என்று யாரிடமோ சொன்னார்.

மூணாங்கட்டை தாண்டி, சாவடிக்கு இறங்குகிற சரிவில் குழாய் அறுந்தது. கம்பி முடிச்சு பிய்த்துக்கொண்டு, பாம்புபோல எழுந்து, பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. கேப்ரியல் ரோட்டில் கிடந்தார். முழங்கை எரிந்தது. வண்டி அவர் மேல் கிடந்தது.

எல்லாரும் நின்றுவிட்டார்கள். ஒரு காலை ஊன்றிக்கொண்டு பனிக்குள் வட்டமாக நின்றார்கள். டிரைவர் விழுந்தால் பஸ் நிற்கும். அதுதானே வழக்கம்.

"அண்ணே, அடி பட்டுருச்சா?" கெர்ட்ரூட் குரல்.

அவள் சீட்டை விட்டு இறங்கியிருக்கவில்லை. மண்மேட்டில் ஒரு காலை வைத்துச் சாய்ந்து நின்றாள். இறங்கினால் தீர்ந்தது.

"இறங்காதீங்க!" என்று உறுமினார். "மணி என்னடா, ஜெயபாலா?"

"தெரியலண்ணே. ஏழே முக்கால் ஆயிருக்கும்."

குழாயை அறுத்து எடுத்தாலும் அந்த வண்டி ஓடாது. ஓட்டினால் சக்கரம் வளைந்துவிடும். அவர் வரைக்கும் இன்றைக்கு பஸ் முடிந்தது. சாவடியில் அவளுக்குக் கேரியரைப் பிடிக்க ஆள் இல்லை. ஜெயபாலன் தன் வண்டியைப் பிடிப்பதே பெரிய பாடு. கீரைக்காரிகள் பின்னால் கூடையோடு இருந்தார்கள். சாவடிக்கு எதிரில் கூட்டம் போட்டு நின்றால் சிப்பாய் அறைவான்.

கேப்ரியல் படுத்தபடியே கையை நீட்டி மணியைத் தேடினார். இரண்டு தடவை அடித்தார்.

யாரும் அசையவில்லை. டிரைவரை ரோட்டில் விட்டுவிட்டுப் போகிற பஸ்ஸை அவர்கள் கண்டது கிடையாது.

மறுபடியும் அடித்தார். டிரிங், டிரிங். "காது செவிடா? ரெண்டு மணி அடிச்சா என்ன அர்த்தம்? போங்கன்னா போங்க!"

'டொக், டொக்' என்று பதில் வந்தது. கெர்ட்ரூட்தான். அவள் காலை எடுத்து மிதித்தாள். இத்தனை நாளும் நடுவில் வந்தவள் முன்னால் போனாள். அவள் பின்னால் ஜெயபாலன், பின்னால் கூடைகள். ஒவ்வொன்றாகப் பனிக்குள் கரைந்தன. குழாய் டயர் சத்தம் சரிவில் இறங்கி, மெலிந்து, தண்ணீருக்குள் போனதுபோல நின்றது.

கேப்ரியல் எழுந்து உட்கார்ந்தார். எழுந்து என்ன ஆகப்போகிறது? சாவடி கால் மைல் தள்ளிக் கீழே. பார்க்க ஒன்றும் இல்லை, வெள்ளையாக இருந்தது. காதை மட்டும் அந்தப் பக்கம் வைத்துக்கொண்டார்.

டொக். ஒரு மணி. இறங்கிவிட்டாள். இப்போது கும்பிடுகிறார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். வழக்கமாகப் பத்து எண்ணுவதற்குள் அவர் பின்னால் போய்க் கேரியரைப் பிடித்திருப்பார். பதினைந்து. இருபது. தள்ளிக்கொண்டு நடக்கிறாள் போலிருக்கிறது. நடந்தால் போயிற்று. இருபத்தெட்டு. அவர் கைகள் இரண்டும் அவரை அறியாமல் காற்றில் ஒரு கேரியரைப் பிடித்துக்கொண்டிருந்தன. முப்பத்தைந்து.

"குரா!" என்று சிப்பாய் தன் பாஷையில் அதட்டினான்.

கேப்ரியல் சிலுவை போட்டுக்கொண்டார். எண்ணிக்கை விட்டுப்போயிற்று. தவளைகள்கூட வாயை மூடிக்கொண்டதுபோல இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. தோக்கியோ மணியிலும் தெரியாது, பழைய மணியிலும் தெரியாது.

டொக். டொக்.

அதற்குப் பிறகு டிரிங், டிரிங். பிறகு கூடைக்காரிகளின் மணிகள். சங்கிலி முழுவதும் ஒலித்து முடிந்தது. பாலத்தின் பலகைகள் தடதடத்தன.

அவர் வண்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினார். சாவடியில் அதைக் கீழே வைத்துக் குனிந்து கும்பிட்டார். சிப்பாய் அவரைப் பார்க்கவில்லை. சாவடிக்கு முன்னால் இடுப்புயரத்துக்கு அடுக்கியிருந்த மணல் மூட்டைகளை முறைத்துக்கொண்டிருந்தான். கீழே துருத்திக்கொண்டிருந்த ஒரு மூட்டையின் மேல் ஒரு காலடி இருந்தது. சின்னக் காலடி, ஈரச் செம்மண். சிப்பாய் அதைத் துப்பாக்கிக் கட்டையால் தேய்த்தான். அது இன்னும் பரவியது. தொண்டைக்குள் ஏதோ சொல்லிக்கொண்டான். கோபமா சிரிப்பா என்று கேப்ரியலுக்குப் புரியவில்லை. நின்று தெரிந்துகொள்ள அவருக்கு ஆசையும் இல்லை.

ஏறிவிட்டாள். ஆனால் நேரம்? ஏறினதற்கும் எட்டு மணிக்கும் நடுவில் எவ்வளவு இருந்தது? பாலத்தைத் தாண்டினார். இடது பக்கம் கடலின் மேல் பனி கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிந்துகொண்டிருந்தது. எதிர்க்கரையில் சிங்கப்பூர் ஒரு சாம்பல் கோடாகத் தெரிந்து மறுபடி மறைந்தது. ஆஸ்பத்திரி கேட் சாத்தியிருந்தது. வெளியே ஐந்தாறு பேர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பிந்தி வந்தவர்கள். சிவப்பு நோட்டோடு ஒருவன் ஒவ்வொரு பேராகக் கேட்டுக்கொண்டிருந்தான். கேப்ரியல் அந்த முதுகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். உயரமான முதுகு. கூன் முதுகு. தொப்பி போட்ட முதுகு. குள்ளமான முதுகு ஒன்று இருந்தது. திரும்பினாள். வேறு யாரோ. மச்சம் எந்தப் பக்கமும் இல்லை.

வேலி ஓரமாகவே நடந்தார். பின்பக்கம், கடலைப் பார்த்த புல்வெளியில் கொடிகள் கட்டியிருந்தார்கள். அப்போதுதான் சூரியன் தலை காட்டியது. ஈரப் போர்வைகளும் விரிப்புகளும் ஒவ்வொன்றாகக் கொடியில் ஏறிக்கொண்டிருந்தன. ஏற்றுகிற ஆள் தெரியவில்லை. விரிப்புக்குக் கீழே இரண்டு வீங்கின கால்கள் மட்டும் தெரிந்தன. கால்சட்டையின் முனை இன்னும் மடக்கியபடியே இருந்தது. வந்த அவசரத்தில் அவிழ்த்துவிட நேரம் கிடைக்கவில்லை போலும். அடுத்த விரிப்பு விரிந்து காற்றில் உப்பியது. கால்கள் நகர்ந்தன. அடுத்தது.

கேப்ரியல் கூப்பிடவில்லை. வேலைநேரத்தில் கூப்பிடக்கூடாது. வண்டியை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு டவுனைப் பார்த்து நடந்தார்.

விறகுக் கிடங்கில் வேலையாள்களை மேய்க்கிற மண்டோர் லெட்சுமணன் வாசலிலேயே நின்றிருந்தார். சூரியன் நன்றாக மேலே வந்துவிட்டது.

"என்ன கேப்ரியலு? உன் பேருல லேட்டுன்னு நான் எழுதுனதே இல்லியே. முழங்கையில ரத்தம் வேற. என்ன ஆச்சு?"

கேப்ரியல் சைக்கிளை இறக்கிச் சுவரில் சாத்தினார்.

"ஒண்ணும் ஆகலண்ணே. பஸ்ஸு நேரத்துக்குப் போயிருச்சு. நான்தான் விட்டுட்டேன்," என்றார். சொல்லிவிட்டு, கட்டை அடுக்கக் குனிந்தார்.